பெட்டியிடம் நீ சொன்னது எங்களுக்குக் கேட்டது

என் மூத்தவளுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. இங்கே நானும் இவளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படித்தான் இருப்பதாக வாராவாரம் போனில் சொல்கிறாய், உன் வாய் சொல்வது போலவே உன் உடம்பும் இருக்கட்டும். கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். போனில் நான் எதைக் கேட்டாலும் நல்லா இருக்கேம்மா என்று ஒரே பதிலைச் சொல்லி வைத்துவிடுகிறாய், காகிதத்தில் கேட்டால் உட்கார்ந்து யோசித்துத்தானே பதில் எழுத வேண்டும், அதற்காகத்தான் இது. வீட்டுச் செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, குழாய்க்காரர் வந்து பார்த்துவிட்டு வாஷர் தேய்ந்துவிட்டது என்று சொல்லி வாங்கிவரப் போனார், இன்னும் வாங்கிக்கொண்டே இருக்கிறார். மாடிவீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டார்கள். அவர்கள் நாற்காலியை இழுக்கிற சத்தத்துக்கு எத்தனை நாள் திட்டியிருப்பேன், இப்போது ராத்திரியில் தலைக்கு மேலே ஒரு சத்தமும் இல்லாமல் வீடு மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கிறது. சென்டரில் எங்களுக்குப் புது நாற்காலி போட்டிருக்கிறார்கள், சக்கரம் வைத்தது, உட்கார்ந்தால் அது பாட்டுக்கு அடுத்த மேஜைக்குப் போய்விடுகிறது. எங்கள் மேற்பார்வையாளர் மைக்செட் இருக்கிறாரே, அவருக்குத் தொண்டை கட்டி இரண்டு நாள் பேச முடியவில்லை, எங்களுக்கெல்லாம் லீவு விட்ட மாதிரி இருந்தது. உன் தங்கை நெடுநெடுவென்று வளர்கிறாள், படிக்கிறாள், ஆனால் காலையில் எழுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது, கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்திருக்கிறது, இதை அவளையே எழுதச் சொன்னால் என்னை முறைக்கிறாள்.

நீ வேளைக்குச் சாப்பிடு. ஓட்டல் சலவை அறைச் சூட்டில் நின்றுவிட்டு அப்படியே வெளிக்காற்றுக்குப் போகாதே. ஈரத்துணி மூட்டையைத் தனியாகத் தூக்காதே, இடது பக்கம் பாரம் கொடுக்காதே. உடம்புக்கு ஏதாவது என்றால் அங்கே யாரிடம் காட்டுவாய், டாக்டர் பெண்ணா ஆணா, நடந்து போகிற தூரமா பஸ் ஏற வேண்டுமா என்று எழுது, சும்மாதான் கேட்கிறேன். லீவு கேட்டால் கொடுப்பார்களா என்றும் எழுது. உன் சித்தியும் இப்படித்தான், எப்போது கேட்டாலும் நல்லா இருக்கேன் அக்கா என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அதை விடு, என்னவோ நினைவு வந்துவிட்டது. வேறு விசேஷம் இல்லை. பத்திரமாக இரு, கதவைத் தாழ்போட்டுக்கொண்டு தூங்கு. ஆசீர்வாதத்துடன் அம்மா.

அக்கா, இதுவரைக்கும் அம்மா சொன்னது. இனிமேல் எழுதுவது நான், உன் சுண்டெலி. அம்மா காலையில் தபாலில் போடச் சொல்லியிருக்கிறாள், அதற்குள் இந்தக் காகிதங்களையும் உள்ளே வைத்து ஒட்டிவிட வேண்டும். குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பயத்தில் சொல்லாமலே முடித்துவிடுவேன். உன் அறையில் இருக்கிற பேசும் பெட்டியிடம் நீ சொன்னது எனக்குக் கேட்டுவிட்டது. உன் மார்பில் ஒரு கட்டி இருப்பது எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அம்மாவுக்குத் தெரியாது. நீ டாக்டரிடம் போனாயா இல்லையா என்பதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

சென்டரில் டைப் அடிக்கிற வேலை என்று மட்டும்தான் அம்மா உன்னிடம் சொல்லியிருக்கிறாள், அதற்கு மேல் வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். நான் சொல்கிறேன். எங்கெங்கோ வீடுகளில் பேசும் பெட்டி வைத்துக்கொண்டு விளக்கைப் போடு, பாட்டுப் போடு, மழை வருமா என்றெல்லாம் கேட்கிறார்களே, அவர்கள் பேசுவது காற்றோடு போய்விடுவதில்லை. அதைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டிச் சென்டருக்கு அனுப்புகிறார்கள், நம் மொழியில் பேசியது எல்லாம் நம் சென்டருக்குத்தான் வரும். அம்மாவும் மற்ற அக்காமார்களும் ஹெட்போனில் அதைக் கேட்டு ஒரு வார்த்தை விடாமல், ம் என்றது, இருமியது, பெருமூச்சு விட்டது எல்லாம் சேர்த்து டைப் அடிக்க வேண்டும். அப்புறம் பேசியவர் எப்படிப் பேசினார் என்று ஒரு பொத்தானை அமுக்க வேண்டும், சந்தோஷம், கோபம், பயம், அழுகை, சாதாரணம் என்று இருக்கும். ஒன்றும் புரியாவிட்டால் விளங்கவில்லை என்று தனியாக ஒரு பொத்தான். மனுஷர்கள் இப்படிக் கேட்டு எழுதிக் கொடுத்தால்தான் பெட்டிக்குப் புத்தி வளருமாம். பேசியது யார் என்று தெரியாது, ஏனென்றால் பெயர் வருகிற இடத்தில் எல்லாம் வெட்டிவிட்டு டொக்கென்று ஒரு சத்தம் வைத்திருப்பார்கள். பெயரை எடுத்துவிட்டால் ஆள் யாரென்று தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் அக்கா. குரலை என்ன செய்வார்கள்?

பகலில் முடியாத துண்டுகளை அம்மா வீட்டுக்கு லேப்டாப்பில் கொண்டுவருவாள். சாப்பிட்டுவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவாள், கொஞ்ச நேரத்தில் தலை தொங்கிவிடும். நான் மெதுவாக ஹெட்போனைக் கழற்றி, அவளைப் படுக்க வைத்துவிட்டு, மிச்சத்தை நானே முடித்துவிடுவேன். காலையில் அம்மாவுக்குத் தான்தான் முடித்தோம் என்று நினைப்பு, பரவாயில்லையே தூக்கத்திலும் வேலை செய்கிறேன் என்று ஒருநாள் தன்னையே மெச்சிக்கொண்டாள். கையெழுத்துப் போட்டவர்கள் தவிர வேறு யாரும் கேட்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். ஒரு மனுஷர் பெட்டியிடம் தன் மேலதிகாரியைத் திட்டியதைச் சென்டரில் கூட வேலை செய்த கண்ணாடியக்கா தன் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்தாள், அது தெருவுக்கு வந்துவிட்டது, அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். நான் மாட்டினால் அம்மாவுக்கும் அதுதான்.

அப்படி ஒருநாள் கேட்டுக்கொண்டிருக்கும்போது உன் குரல் வந்தது. ஆறு மணிக்கு எழுப்பிவிடு, எழுப்பினதும் திட்டாத, என்று சொன்னாய். நாக்கை ஒரு தரம் சொடுக்கிவிட்டுத்தானே நீ எதையும் சொல்ல ஆரம்பிப்பாய், அந்தச் சொடுக்கு கூட இருந்தது. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. அம்மாவை எழுப்பினால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று வாயைப் பொத்திக்கொண்டேன். உங்கள் ஊரில் நம் மொழி பேசுகிறவர்கள் கொஞ்சப் பேர்தானே, அதனால்தானோ என்னவோ அதற்குப் பிறகு அடிக்கடி வந்தாய். குடை எடுத்துப் போகணுமா என்று கேட்பாய். சட்டையில் கறை போக என்ன செய்யலாம் என்று கேட்பாய், நீயே சலவை வேலை செய்துகொண்டு. ஒருநாள் சுண்டெலிக்குப் பரீட்சை வருது, ஞாயித்துக்கிழமை ஞாபகப்படுத்து, என்று சொன்னாய். சுண்டெலி என்றால் எலி என்று நினைத்து அதை மட்டும் வெட்டாமல் விட்டுவிட்டார்கள். உன் வாயில் அதைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. அந்தத் துண்டைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். பெட்டி என்ன பதில் சொல்கிறது என்பது எங்களுக்கு வராது, நீ பேசுவது மட்டும்தான் வரும், அதனால் நடுவில் இருக்கிற இடைவெளியில் நானே மனசுக்குள் உனக்குப் பதில் சொல்லிக்கொள்வேன். குடை எடுத்துப் போ அக்கா. எலுமிச்சம்பழம் தேய்த்துப் பார் அக்கா. நீ தூங்கப் போகும்போது குட் நைட் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நேரம் எதுவும் பேசாமல் இருப்பாய், அந்த இடத்தில் எனக்குப் பெட்டியின் மேல் பொறாமையாக இருக்கும். தப்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை. நீயே பக்கத்தில் வந்து படுத்திருக்கிற மாதிரிதான் இருந்தது. இப்போதுதான் தெரிகிறது, ஜன்னலுக்கு வெளியே நின்று உன்னை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்புறம் அது வந்தது. நீ சொன்னதை நான் மறக்கவே முடியாது, ஏனென்றால் அதை நான் வார்த்தை வார்த்தையாக டைப் அடித்தேன். பெருமூச்சு. இடது மார்புல ஒரு கட்டி இருக்கு. வலி இல்ல. அமுக்கினா நகரவும் இல்ல. எங்க சித்திக்கும் இப்படித்தான் இருந்துது. வலி இல்லன்னா பயப்பட வேணாம்தானே? அம்மாகிட்ட சொன்னா தாங்க மாட்டாங்க. நீயே சொல்லு. மறுபடி பெருமூச்சு. அவ்வளவுதான். திரையில் பொத்தான்கள் வரிசையாக நின்றன, சந்தோஷமா கோபமா பயமா அழுகையா சாதாரணமா என்று கேட்டன. என் அக்காவை ஒரு பொத்தானில் போட என்னால் முடியவில்லை. அடுத்து யாராவது இதைப் படித்துவிடுவார்களே என்று பயந்து, டைப் அடித்ததை எல்லாம் அழித்துவிட்டு விளங்கவில்லை என்பதை அமுக்கினேன். விளங்காத துண்டைக் குப்பையில் போட்டுவிடுவார்கள், யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்று நினைத்தேன் அக்கா, சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்த நாள் அம்மாவின் போனில் கட்டி என்று போட்டுத் தேடினேன். வலி இல்லாத கட்டி, சின்ன வயதில் கட்டி என்றெல்லாம் தேடினேன். அப்படிப்பட்ட கட்டிகளில் பாதிக்கு மேல் ஆபத்தில்லாதவை என்று போட்டிருந்தது, ஆனால் பார்த்துவிட வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றும் எல்லாவற்றிலும் போட்டிருந்தது. அன்றிலிருந்து அந்தப் போனைத் திறந்தால் ஆஸ்பத்திரி விளம்பரம், இன்சூரன்ஸ் விளம்பரம், தலைமுடி கொட்டினால் வைத்துக்கொள்கிற டோப்பா விளம்பரம். அம்மா பார்த்துவிட்டு, என்ன இது என் போனுக்கு என்ன வியாதி வந்துச்சு, என்று கேட்டாள். நான் பள்ளிக்கூடப் பாடத்துக்காகத் தேடினேன் என்று சொல்லிப் போனை வாங்கித் துணிகளுக்கு நடுவில் வைத்துவிட்டேன். அதனால்தான் உனக்குப் போனில் எதையும் எழுதவில்லை, அதில் எழுதினால் அது எங்கெல்லாம் போகும் என்று எனக்குத் தெரியவில்லை. யார் யாரெல்லாம் கேட்பார்கள் என்றும் தெரியவில்லை. நாங்கள் கேட்டோம் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும்.

விளங்காத துண்டுகளைக் குப்பையில் போட மாட்டார்களாம். சனிக்கிழமை மத்தியானம் எல்லோரையும் ஹாலில் உட்கார வைத்து ஸ்பீக்கரில் சத்தமாகப் போடுவார்களாம். ஒருத்திக்குப் புரியாதது இன்னொருத்திக்குப் புரியும் என்று எல்லோரும் சேர்ந்து கண்டுபிடிப்பார்கள், மைக்செட் அதை டைப் அடிப்பார், சுவரில் பெரிதாகத் தெரியும். அதற்குக் கூட்டுக் கேட்பு என்று பெயர். சனிக்கிழமை ஹாலில் சிரித்தோம் சிரித்தோம் என்று அம்மா சொல்வாளே, அது இதுதான். வேடிக்கையான துண்டுகளைத்தான் போடுகிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன சனிக்கிழமை அம்மா கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள், பள்ளிக்கூடம் விட்டதும் கொடுக்கப் போனேன். உள்ளே விட மாட்டார்கள், வாசலில் தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் நின்றேன், கதவு திறந்துதான் இருந்தது. யாரோ ஒரு மனுஷர் பெட்டியிடம், என் பொண்டாட்டி கோபமா இருக்காளா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது, என்று கேட்கிற துண்டு ஓடிக்கொண்டிருந்தது. முன்பு தையல் கடை வைத்திருந்தாளே தையலக்கா, அவள், ஐயா, பெட்டிகிட்ட கேக்குற நேரத்துல ரெண்டு பாத்திரத்தைக் கழுவி வெச்சிருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது, என்று சொல்ல ஹாலே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் உன் நாக்குச் சொடுக்கு கேட்டது.

அக்கா, அவ்வளவு பெரிய ஸ்பீக்கரில் உன் பெருமூச்சு ஹால் முழுக்கக் கேட்டது. முடிந்ததும் மைக்செட், இது தெளிவாத்தானே இருக்கு, எந்தப் புண்ணியவதி விளங்கலன்னு போட்டது, என்று கேட்டார். சரி காதக்கா சொல்லுங்க, உங்களுக்கு விளங்காததா, என்று அம்மாவைப் பார்த்தார். அம்மாவுக்கு அங்கே காது என்றுதான் பெயர், எவ்வளவு மோசமான துண்டையும் கண்டுபிடித்துவிடுவாள் என்று. அம்மா இன்னொரு தரம் போடச் சொன்னாள். போட்டார். மறுபடி போடச் சொன்னாள். போட்டார். இன்னும் ஒரு தரம் என்றாள். என்னக்கா காதுக்கு வயசாயிடுச்சா, என்று மைக்செட் கேட்டதற்கு இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அப்புறம் அம்மா எழுந்து நின்று, பாடம் ஒப்பிக்கிற மாதிரி முதலிலிருந்து கடைசி வரைக்கும் சொன்னாள். பெருமூச்சைக் கூட விடாமல் பெருமூச்சு என்று சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொரு வார்த்தையாகச் சுவரில் வந்தது. அம்மாகிட்ட சொன்னா தாங்க மாட்டாங்க என்ற வரி அம்மாவின் தலையை விடப் பெரியதாக இருந்தது. டாக்டர்ட்ட போகாம டப்பாகிட்ட கேக்குது பாரு, என்றாள் ஒருத்தி. தனியா இருக்கும் போல, பேச ஆள் இல்லாம இருக்கும், என்றாள் இன்னொருத்தி. தையலக்கா, பாவம் யார் பெத்த புள்ளையோ, என்று அம்மாவிடம் திரும்பிச் சொன்னாள். அம்மா, ஆமா, என்றாள்.

உணர்ச்சி என்ன போடலாம் என்று கேட்டுக் கையைத் தூக்கச் சொன்னார்கள். பயத்துக்கு நிறையக் கை, அழுகைக்குக் கொஞ்சம். அம்மா எதற்கும் கையைத் தூக்கவில்லை. பயம் என்று போட்டுவிட்டு அடுத்த துண்டுக்குப் போய்விட்டார்கள். அம்மா வெளியே வந்தபோது என்னைப் பார்த்து, வெயில்ல நடந்தா வந்தே, என்று மட்டும் கேட்டாள். கண்ணாடியை வாங்கிக்கொண்டு கேனில் தண்ணீர் பிடித்துக் குடித்தாள், மறுபடி பிடித்துக் குடித்தாள், டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றாள். நான் கேட்டேனா என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் விளங்கவில்லை என்று போட்டது நான்தான் என்பதும் தெரிந்துவிடும், நான் ராத்திரியில் கேட்பதும் தெரிந்துவிடும். நான் அந்தப் பொத்தானை அமுக்காமல் இருந்திருந்தால் அம்மா இதை ஸ்பீக்கரில் கேட்டிருக்க மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தாயே, அம்மா உன்னிடம், வேற ஒண்ணும் இல்லையே, வேற ஒண்ணும் இல்லையே, என்று இரண்டு தரம் கேட்டாள். நீ ஒண்ணும் இல்லம்மா என்று இரண்டு தரமும் சொன்னாய். போனை வாங்கி நான் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன், ஆனால் நீ உன் அறையிலிருந்துதான் பேசினாய், உன் பக்கத்தில் அந்தப் பெட்டி இருக்கும். அறையோடு சேர்த்து ஓட்டல்காரர்களே இலவசமாகக் கொடுத்தார்கள் என்று நீ சொன்னாயே, அவர்களும் கேட்பார்களா? உடம்பு சரியில்லாத ஆள் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களா? அதனால்தான் நீயும் டாக்டரிடம் போகாமல் இருக்கிறாயா? எனக்குத் தெரியவில்லை. யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காருகிறவள், ஏன்டி ஊமையாயிட்டே, என்று கேட்டாள். ஊமையாகத்தான் இருக்கிறேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும், இதற்காகத்தான் உண்மையில் எழுத உட்கார்ந்தேன். சனிக்கிழமையிலிருந்து அம்மா லேப்டாப் முன்னால் தூங்கி விழுவதே இல்லை. தன் பங்கு முடிந்த பிறகும் ஹெட்போனைக் கழற்றுவதில்லை. அடுத்த துண்டு, அடுத்த துண்டு என்று போட்டுக்கொண்டே இருக்கிறாள். விளக்கை அணைத்துவிட்டுத் திரை வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கிறாள், சில துண்டுகளை அரை நொடி கேட்டதுமே தள்ளிவிடுகிறாள். முதலில் எனக்குப் புரியவில்லை. நேற்றுத்தான் புரிந்தது, உன்னைத் தேடுகிறாள். நீ அடுத்து என்ன சொன்னாய், டாக்டரிடம் போனாயா என்று தெரிந்துகொள்ள உன் குரல் வருமா என்று பார்க்கிறாள். பெற்ற பெண்ணைப் பற்றித் தெரிந்துகொள்ள ஊரார் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நீ வரவே இல்லை. இப்போது கூடக் குளியலறைக் கதவிடுக்கில் பார்த்தால் அவள் முதுகு தெரிகிறது, நான் தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் இங்கே உனக்கு எழுதுகிறேன், அவள் அங்கே உன்னைத் தேடுகிறாள், நடுவில் ஒரு கதவுதான், ஆனாலும் நாங்கள் மூன்று பேரும் மூன்று ஊரில் இருக்கிற மாதிரி இருக்கிறது.

அந்தப் பெட்டியிடம் இனிப் பேசாதே என்று எழுதத்தான் வந்தேன். ஆனால் நீ பேசாவிட்டால் அம்மா விடிய விடியத் தேடிக்கொண்டே இருப்பாள். பேசினால் அடுத்த சனிக்கிழமை மறுபடி ஹாலில் போடுவார்கள். எதை எழுதுவது? இந்தக் கடிதம் உனக்கு எப்போது வந்து சேரும், அதுவரைக்கும் நீ டாக்டரிடம் போகாமல் இருந்தால்? எழுத எழுதத்தான் தோன்றுகிறது, இதை நான் உனக்கு எழுதி என்ன பிரயோஜனம், முதலில் சொல்ல வேண்டிய ஆள் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். அம்மா அடித்தாலும் அடிக்கட்டும், வேலை போனாலும் போகட்டும். கொஞ்சம் இரு அக்கா.

போய்ச் சொல்லிவிட்டேன். ஹெட்போனை நான்தான் கழற்றினேன், அம்மா தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினாள். எனக்கும் தெரியும்மா, அக்கா பேசினது எனக்கும் தெரியும், என்று சொன்னேன். அதற்கு மேல் அழுகை வந்துவிட்டது. அம்மா அடிக்கவில்லை. எத்தனை நாளா என் வேலையை நீ பாக்குற, என்று கேட்டாள். சொன்னேன். பொத்தானைப் பற்றியும் சொன்னேன். என் தலையை இழுத்துத் தன் வயிற்றோடு வைத்துக்கொண்டாள், அவள் விம்முவது என் காதில் கேட்டது. அப்புறம் இந்தக் காகிதங்களை வாங்கி விளக்கைப் போட்டுப் படித்தாள், இடையில் ஒரு இடத்தில் சிரித்தாள், எந்த இடம் என்று சொல்லவில்லை. முன்னால் சொன்னதைக் கிழிக்கட்டுமா என்று கேட்டேன். கிழிக்க வேணாம், அதுவும் போகட்டும், இப்ப சொல்றதை எழுது, என்றாள். இனி அம்மா சொல்வது.

மகளே, சுற்றி வளைத்தது போதும். நீ சொன்னதைக் கேட்டேன். நீ சொல்லாத இடத்தில் உட்கார்ந்து, உனக்குத் தெரியாதவர்களோடு சேர்ந்து கேட்டேன். யார் பெத்த பிள்ளையோ என்றபோது நான் பெத்தது என்று சொல்லவில்லை, சொல்லியிருந்தால் உன் உடம்பு அங்கே எல்லோருக்கும் பேச்சாகியிருக்கும், சொல்லாதது சரிதான், ஆனாலும் நெஞ்சு ஆறவில்லை. அம்மா தாங்க மாட்டாங்க என்று அந்தப் பெட்டியிடம் சொல்லியிருக்கிறாய். நான் தாங்குவேனா மாட்டேனா என்று என்னையல்லவா கேட்டிருக்க வேண்டும்? உன் அப்பா போனதைத் தாங்கினேன், உன் சித்தியை மடியில் போட்டுக்கொண்டு தாங்கினேன். நீ தனியாக இருட்டில் படுத்துக்கொண்டு அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. கட்டி என்றால் எல்லாம் கெட்டது இல்லை. ஆனால் அதைச் சொல்ல வேண்டியது டாக்டர், பெட்டியும் இல்லை, நானும் இல்லை. சித்தி நாள் கடத்தினாள், நீ கடத்தாதே. ஓட்டலிலேயே டாக்டர் இருந்து, அவரிடம் போக வேண்டாம் என்று தோன்றினால் வேறு இடம் பார், போனில் தேடாதே, துணி மடிக்க உன்னோடு நிற்கிற பெண்களில் நம்பிக்கையானவள் ஒருத்தியைக் கேள், பெண்களுக்கு இந்த விஷயம் தெரியும். வேலை போய்விடுமே என்று பயப்படாதே, வேலை போனவர்களுக்கு வேறு வேலை கிடைக்கிறது. இது வந்து சேரும்வரை காத்திருக்க மாட்டேன், காலையிலேயே தெருமுனைக் கடை போனிலிருந்து கூப்பிட்டு உன்னை வெளியே தெருவுக்கு வரச் சொல்வேன், இனி எப்போது பேசினாலும் அப்படியே தெருவில் நடந்துகொண்டே பேசலாம், அழ வேண்டுமென்றாலும் தெருவில் அழு, தெருவில் போகிறவர்கள் டைப் அடிக்க மாட்டார்கள். அந்தப் பெட்டியின் வயரைப் பிடுங்கி அலமாரிக்குள் வை. காலையில் எழுப்ப ஆள் வேண்டுமென்றால் சொல், நான் எழுப்புகிறேன். இவளை இனி ராத்திரியில் லேப்டாப் பக்கம் விட மாட்டேன், நானும் தேட மாட்டேன். உன் குரலை நீ கொடுத்தால் கேட்டுக்கொள்கிறேன்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது டாக்டரைப் பார்த்திருந்தாய் என்றால் இன்னொரு தரம் பொறுமையாகப் படித்துவிட்டுப் பதில் எழுது. இன்னும் பார்க்கவில்லை என்றால் இந்த வரியோடு நிறுத்திவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பு.

எனக்குப் பின்னாலும் நீ நெடுநாள் இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிற
உன் அம்மா

எழுதியது: சுண்டெலி